பெயர் எழுதாத நான்கு அச்சுகள்

என் அண்ணனுக்கு ஊசி என்றால் பயமில்லை. ரத்தம் என்றாலும் பயமில்லை. எண் என்றால்தான் பயம். ஒரே ஒரு எண்ணைக் காதில் வாங்கக் கூடாது என்பதற்காக ஒரு மனிதன் நாற்பத்தேழு வயதுவரை எத்தனை சாக்குகள் சொல்ல முடியும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? என்னைக் கேளுங்கள். அத்தனையையும் கேட்டவள் நான்.

வீட்டில் அவனுக்குப் பெயர் பொக்கை. பால்பல் விழுந்த பிறகு இரண்டு வருடம் அவனுக்கு முன்பல் முளைக்கவேயில்லை. ஒருவழியாக முளைத்தபோது பெயர் ஒட்டிப்போயிருந்தது. அப்படிப்பட்டவன் வளர்ந்து எடுத்துக்கொண்ட தொழில் பல்செட் செய்வது. பட்டறையில் கூட வேலை செய்பவர்களும் "பொக்கையண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள். பல்லில்லாதவர்களுக்குப் பல் கொடுக்கிற ஆளைப் பார்த்துப் பொக்கை என்கிறோமே என்று யாருக்கும் தோன்றியதில்லை.

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் பசை வைத்து எடுத்த அளவு அங்கே வந்து சேரும். அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினால் அந்த வாய் அப்படியே வெள்ளை அச்சாக வெளியே வரும். அச்சின் மேல் மெழுகு, மெழுகில் பல் வரிசை, அப்புறம் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஈறு நிறத்தில் அக்ரிலிக். எங்கள் அண்ணன் கை பட்ட பல்செட்டைப் பல்செட் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். நோயாளியின் பழைய போட்டோ இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்வான். சொந்தப் பல்லில் இருந்த கோணலைச் செய்கிற பல்லிலும் வைப்பான். "எல்லாத்தையும் நேரா அடுக்கினா பொய்னு தெரிஞ்சிடும். கொஞ்சம் கோணல் இருந்தாத்தான் நம்புவாங்க" என்பான்.

எனக்குத் தொழில் ரத்தப் பரிசோதனை. ஒரு நாளைக்கு எழுபது எண்பது பேர் என் முன்னால் கையை நீட்டுவார்கள். சர்க்கரை பார்ப்பேன், மீதி நேரம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து அணுக்களை எண்ணுவேன். ஊரெல்லாம் என்னிடம் விரலைக் கொடுக்க, கூடப்பிறந்தவன் மட்டும் கொடுக்க மாட்டான். வெறும் வயிற்றில் வா என்றால் சாப்பிட்டுவிட்டேன் என்பான். சரி, சாப்பிட்ட பிறகே பார்க்கலாம் என்றால் இன்றைக்குச் சாப்பிடவே இல்லை என்பான்.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் அப்பா பஸ் கண்டக்டர். நாள் முழுக்க நின்றபடி இருந்த கால். எனக்குப் பதிமூன்று வயதிருக்கும்போது ஒரு காகிதத்தில் சர்க்கரை முந்நூற்று இருபது என்று எழுதி வந்தது. அடுத்த மாதம் ஒரு கால்விரலை எடுத்தார்கள். பிறகு முந்நூற்று எண்பது. பாதம் போனது. பிறகு ஒரு எண், முழங்கால். அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. அப்பாவைத் தோளில் சாய்த்துக் கட்டு மாற்றக் கூட்டிப்போனது அவன்தான். அவன் மனதில் கணக்கு தலைகீழாகப் பதிந்துவிட்டது. எண் வந்தால் உடம்பில் ஒரு துண்டு போகும். எண்ணே வராவிட்டால்?

இதை முட்டாள்தனம் என்று நான் ஆயிரம் முறை திட்டியிருக்கிறேன். திட்டுவது எனக்குச் சுலபம்.

முதலில் கவனித்தவர் அண்ணி. குளியலறையில் பல் தேய்க்கிற நேரம் முழுக்கக் குழாயைத் திறந்து விடுகிறானாம். வாஷ்பேசினில் சிவப்பு தெரியக் கூடாது என்று. ஆனால் தலையணை உறை காட்டிக்கொடுத்துவிட்டது. காலையில் எச்சில் காய்ந்த இடத்தில் இளஞ்சிவப்பாக வட்டம். ஆப்பிளைக் கடிக்காமல் காகிதம் போல மெல்லிசாகச் சீவித் தின்கிறான். ஆறு மாதமாகச் சிரிக்கும்போது வாயைத் திறப்பதில்லை.

"பக்கத்துல உக்காந்து பேசினா வாடை வருதும்மா" என்றார் அண்ணி, குற்றம் செய்தவரைப் போலக் குரலைத் தாழ்த்தி. "சொன்னா மனசு கஷ்டப்படுவாரேன்னு இத்தனை நாளா நான் வாயைத் திறக்கல."

"அவன் வாயை மூடிக்கிட்டான், நீங்களும் மூடிக்கிட்டீங்க. நல்ல ஜோடி."

"உங்கப்பாவுக்கு இருந்துச்சே, அதானா இது?" என்று கேட்டவர், சட்டென்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பாத்துக்கிட்டியா?"

"என்னை விடுங்க அண்ணி. முதல்ல இவனைப் பிடிப்போம்."

மறுநாள் மத்தியானமே பட்டறைக்குப் போனேன். அவன் இல்லை. செய்து முடித்த செட்டைக் கொடுக்க ஒரு டாக்டரிடம் போயிருந்தான். உட்கார இடம் தேடினால் எங்கே பார்த்தாலும் வாய்கள். அலமாரி முழுக்க வெள்ளை அச்சுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, சீட்டில் எண், டாக்டர் பெயர், நோயாளி பெயர். அதில் அவன் கெட்டி. சீட்டில்லாத அச்சு அந்த அறையில் ஐந்து நிமிடம்கூட இருக்காது.

ஆனால் கீழ்த்தட்டில், பிளாஸ்டர் மூட்டைக்குப் பின்னால், சீட்டில்லாத நான்கு ஜோடி அச்சுகள் இருந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பினேன். மேல்வரிசையில் இடப்பக்க முன்பல்லின் ஓரம் சின்னதாக உடைந்திருந்தது. அதை உடைத்தவள் நான். ஒன்பது வயதில், டிபன் பாக்ஸ் மூடியால்.

ஒவ்வொரு அச்சின் அடியிலும் பென்சிலால் வருடம் மட்டும் எழுதியிருந்தது. வரிசையாக மேசையில் வைத்தேன். முதல் வருடம் ஈறு பல்லைச் சுற்றி ஒழுங்காகப் பிடித்திருந்தது. இரண்டாவதில் ஓரம் வீங்கியிருந்தது. மூன்றாவதில் ஈறு இறங்கி, பல் குட்டையான பேன்ட்டுக்குக் கீழே தெரிகிற கால் மாதிரி நீண்டிருந்தது. நான்காவதில் கீழ்வரிசை முன்பற்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, விசிறி போல முன்னால் சாய்ந்திருந்தன. வருடா வருடம் தன் வாய்க்குத் தானே அளவெடுத்து, தன் பல் போவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான்காவது அச்சுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பா. திறந்தேன். மேலும் கீழுமாக முழுப் பல்செட். அவ்வளவு அழகான வேலை. மேல்வரிசையில் இடப்பக்க முன்பல்லின் ஓரம் சின்னதாக உடைந்திருந்தது.

தினமும் எத்தனையோ பேருடைய கெட்ட செய்தியைக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவள் நான். ஆனால் உயிரோடு இருக்கிற ஒருவன், வாயில் இன்னும் பல் இருக்கும்போதே, தனக்குப் பல்செட் செய்து வைத்திருப்பதைப் பார்த்ததில்லை.

படியேறி வந்தவன் என்னைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான், கதவைச் சாத்தினான்.

"வாயைத் திற" என்றேன்.

திறந்தான். கீழ்ப்பற்களின் உள்பக்கம் ஒரு மெல்லிய கம்பி, அதன்மேல் அக்ரிலிக் பூசி, ஆறு பல்லையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருந்தான். ஆடுகிற பல்லை ஆடாமல் நிறுத்த. அவனே, கண்ணாடி முன்னால் நின்று.

"எப்ப கட்டினே?"

"எட்டு மாசம் ஆச்சு. பாரு, ஒண்ணுகூட ஆடல." அதில் அவனுக்குப் பெருமை வேறு.

"டாக்டருக்குத் தெரியுமா? தினம் அஞ்சு டாக்டரைப் பாக்கிறியே, ஒருத்தர்கிட்ட காட்டினியா?"

"காட்டினா முதல்ல என்ன சொல்லுவாங்க? சுகர் பாத்துட்டு வான்னுவாங்க." டப்பாவை என் கையிலிருந்து வாங்கி மூடினான். "பாப்பா, பல்லுக்குத்தானே வந்திருக்கு. பல்லு போனா நான் செஞ்சுக்குவேன். அதோட அது போயிடட்டும். காலை என்னால செய்ய முடியாதே."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. நோய்க்கு லஞ்சம் கொடுக்கிறான். பல்லை வைத்துக்கொள், மீதியை விட்டுவிடு என்று பேரம் பேசுகிறான்.

அன்றைக்கு நான் அவனுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நான் தினமும் பார்க்கிற வெள்ளை அணுக்களில் பாதிக்கு மேல் ஒரே ஜாதி, நியூட்ரோபில். ஈறில் கிருமி சேர்ந்தால் முதலில் ஓடிவருவது அதுதான். கிருமியைத் தின்னும், வேலை முடிந்ததும் செத்து ஒதுங்கும். நல்ல உடம்பில் அப்படித்தான். ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டால் அதற்குப் புத்தி கெட்டுவிடுகிறது. வர வேண்டிய நேரத்தில் வராது. வந்தால் ஒழுங்காகத் தின்னாது. சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் அங்கேயே நின்று, கிருமிமேல் கொட்ட வேண்டிய அமிலத்தையும் நஞ்சையும் சொந்தச் சதைமேல் கொட்டும். அந்தக் கலவரத்தில் எலும்பைக் கரைக்கிற வேறு அணுக்களும் கிளம்பிவிடும். பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு அப்படித்தான் போகிறது.

"எலும்பைக் கிருமி தின்னல அண்ணா. காவலுக்கு வந்தவனே வீட்டை இடிக்கிறான்."

"அப்ப என் ஆளுங்கதானா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"உன் ஆளுங்கதான். இன்னொண்ணும் கேட்டுக்கோ. ஈறு இப்படி எரிஞ்சுக்கிட்டே இருந்தா, அந்தச் சூடு ரத்தத்துல கலந்து இன்சுலினை வேலை செய்ய விடாது. சுகர் இன்னும் ஏறும். சுகர் ஏறினா ஈறு இன்னும் கெடும். பல்லோட போயிடும்னு சொன்னியே, அது போறதுக்கு வரல. உள்ள நுழையுற வழியைத் திறந்து வச்சிருக்கே."

அவன் முகம் வெளுத்தது. அடுத்த வாரம் கண்டிப்பாக வருகிறேன் என்றான். கோபத்தில் சரி என்று எழுந்து வந்துவிட்டேன். பையில் சர்க்கரை பார்க்கிற மீட்டர் இருந்தது. அங்கேயே கையைப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் காலையில் அண்ணி போன் செய்தார். அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "உடனே வா" என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் கட்டிலில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். சாய்ந்தால் மூச்சு முட்டுகிறதாம். தாடைக்குக் கீழே கழுத்து முழுக்கச் சிவந்து, கல்லாக வீங்கியிருந்தது. சூடான எதையோ வாயில் அடக்கிக்கொண்டு பேசுவது போலப் பேச்சு குழறியது. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் வடித்துக்கொண்டிருந்தான். உடம்பு அனலாகக் கொதித்தது. மீட்டரைப் பார்த்ததும், அந்த நிலைமையிலும், இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டான்.

"ஏங்க, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்" என்றார் அண்ணி.

தலையை ஆட்டினான். கண்ணில் பத்தொன்பது வயதுப் பையனுடைய பயம்.

எனக்குக் கத்தக்கூடத் தோன்றவில்லை. "சரி, விரல் வேண்டாம். வாயை மட்டும் கொஞ்சம் காட்டு" என்றேன். சிறிதளவுதான் திறக்க முடிந்தது. கீழ் உதட்டை இழுத்தேன். கம்பி கட்டிய ஈறின் ஓரத்தில் ரத்தம் தானாகத் துளிர்த்து நின்றது. மீட்டரின் பட்டையை அதன்மேல் ஒற்றினேன். ஈறில் எடுக்கிற ரத்தத்தை முழுதாக நம்ப முடியாது, எச்சிலும் சீழும் கலந்திருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் அதற்காக முந்நூறு அளவுக்கு வித்தியாசம் வராது.

நானூற்று முப்பத்தொன்று.

மறைக்க நினைத்தேன். பார்த்துவிட்டான். மெதுவாகப் போர்வையை விலக்கி, குனிந்து தன் கால்களைப் பார்த்தான். விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தான். இருபத்தெட்டு வருடமாகப் பயந்த எண் வந்துவிட்டது, விரல் எதுவும் கழன்று விழவில்லை. அந்த ஆச்சரியத்தில்தானோ என்னவோ, ஆஸ்பத்திரிக்கு வா என்றதும் எழுந்து வந்தான்.

ஆஸ்பத்திரியில் அவன் கழுத்தில் சிவப்பு முடிகிற இடத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டார்கள். கோட்டைத் தாண்டுகிறதா என்று மணிக்கு மணி பார்க்க வேண்டும். தொண்டைக்குழிக்கும் கோட்டுக்கும் இடையில் மூன்று விரல் இடைவெளி. ஒரு கையில் இன்சுலின், இன்னொரு கையில் கிருமிக்கு மருந்து. தாடைக்குக் கீழே கீறிச் சீழை வெளியேற்றினார்கள். ஈறு டாக்டர் ஒரு பெண். அவர்தான் கம்பியைக் கழற்றினார். கழற்றியதும் அந்த அறையில் எழுந்த நாற்றம் என் நினைவைவிட்டுப் போகவில்லை.

"இதை யார் கட்டினாங்க?" என்று கேட்டார்.

அண்ணன் விரலால் தன்னையே காட்டினான்.

"வேலை சுத்தமா இருக்கு. அதான் பிரச்சினையே. பிரஷ் போறதுக்குக்கூட இடுக்கு விடல. பல்லு ஆடியிருந்தா வலிச்சிருக்கும், வலிச்சிருந்தா முன்னாடியே வந்திருப்பீங்க."

மத்தியானம் சிவப்பு கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் கீழே இறங்கியது. அண்ணி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். என்னால் முடிந்த ஒரே காரியம், அவன் ரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்ததுதான். வைத்திருக்கக் கூடாது. முதிர்ந்த நியூட்ரோபில்லின் கரு மூன்று நான்கு துண்டாகப் பிரிந்திருக்கும். நான் பார்த்தவற்றில் முக்கால்வாசிக்குக் கரு பிரியவே இல்லை. வேலை பழகாத இளசுகள். பழகியதெல்லாம் தீர்ந்துபோய், உடம்பு எலும்பு மஜ்ஜையிலிருந்து கைக்குக் கிடைத்ததை எல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அன்றுதான் புரிந்தது. தெரியாத அண்ணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாமியை நம்பிக்கொண்டிருந்தார். நான் தகட்டை நம்பினேன், தகடு கைவிரித்தது.

மறுநாள் காலையில் இரண்டாவது கோடு போட்டார்கள். சிவப்பு அதைத் தொடவில்லை. மத்தியானம் அதற்கு மேலேயே நின்றது. மூன்றாம் நாள் அண்ணன் ஒரு மிடறு தண்ணீரை விழுங்கினான். நாங்கள் இருவரும் அவன் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கீழ்வரிசையில் மூன்று பல்லை எடுத்தார்கள். மீதி நின்றுவிட்டன. ஈறுக்கு அடியில் பல மாதமாகப் பாறையாக இறுகிய காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்தார் அந்த டாக்டர், நான்கு தடவையாக. பன்னிரண்டுக்கு மேல் இருந்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி எட்டுக்கு இறங்கியது. பெரும்பங்கு மருந்துக்கும் சாப்பாட்டுக்கும், கொஞ்சம் பங்கு அடங்கிய ஈறுக்கும் என்றார். அண்ணன் தனக்கு மூன்று பல்லுக்கு மட்டும் ஒரு சின்ன செட் செய்துகொண்டான். அவன் முன்பே செய்து வைத்த முழு செட் டப்பாவிலேயே கிடக்கிறது. அதைத் தூக்கிப் போடு என்றால் போட மாட்டேன் என்கிறான்.

போன வாரம் பட்டறைக்குப் போயிருந்தேன். இப்போது காலையில் அவனே விரலைக் குத்திப் பார்த்துக்கொள்கிறான். எண்ணை எழுதுவதற்கு முன்னால் ஒரு முறை கால்விரல்களை அசைத்துக்கொள்கிறான், அந்தப் பழக்கம் போகவில்லை. அவனோடு வேலை செய்பவர் ஏதோ சொல்ல, நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அண்ணன் கையிலிருந்த மெழுகைக் கீழே வைத்தான். இருபத்தைந்து வருடமாக வாய்களையே பார்த்த கண் என் வாயில் நின்றது.

"பாப்பா, கொஞ்சம் வாயைத் திற."

"என்ன இப்போ?"

"ஓரத்துல வீங்கியிருக்கு. இரண்டாவது வருஷத்து அச்சு மாதிரி இருக்கு. பல்லு தேய்க்கிறப்ப ரத்தம் வருதா?"

"எனக்கு வேலை இருக்கு, கிளம்பறேன்."

"நீ எப்ப சுகர் பாத்தே?"

"இப்ப பாத்தா சரியா வராது. இப்பத்தான் சாப்பிட்டேன்."

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. ஒரு வருடமாக நானும் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பல் தேய்க்கிறேன் என்பதை எங்கள் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாளைக்கு எண்பது விரலைக் குத்துகிறவள், தன் விரலைக் குத்தியதில்லை. அப்பாவின் காகிதங்களை அவன் மட்டுமா பார்த்தான்?

அவன் மீட்டரை எடுத்துப் பட்டையைச் செருகினான். என் கை முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. "கொடு" என்றான். திட்டவில்லை, நான் திட்டியதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து, விரலைக் குத்தி, பட்டையில் ஒற்றினான்.

இருநூற்றுப் பதினெட்டு.

நான் குனிந்து என் கால்விரல்களை அசைத்துப் பார்த்தேன். நிமிர்ந்தபோது அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனும் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.